எதோட நிழல், அக்கா?

எங்கள் அஸ்ட்ரானமி க்ளப்பில் இருந்து எட்டு பேர், பண்ணைக்காடு பக்கம் கீழ்ப்பழனி மலையில் இருக்கும் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்குப் போயிருந்தோம். சூரியன் அதன் 11 வருடச் சுழற்சியில் உச்சத்தில் இருந்த சமயம். டெலஸ்கோப்பை வெயிலில் நிறுத்தி, சூரியனின் பிம்பத்தை வெள்ளை சார்ட் பேப்பரில் விழவைத்து, அதில் தெரியும் புள்ளிகளைக் காட்டுவதுதான் பிளான். (டெலஸ்கோப் வழியாக நேராகச் சூரியனைப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், கண் போய்விடும்.) அன்றைக்கு அதிர்ஷ்டம், நாலைந்து புள்ளி பளிச்சென்று விழுந்தது.

தமிழில் விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. நான் எல்.கே.ஜி.யில் இருந்தே இங்கிலீஷ் மீடியம். எனக்குத் தெரிந்த தமிழ், வீட்டில் பேசுவதும் மனப்பாடச் செய்யுளும்தான். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து ஸ்லைடில் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தமிழுக்கு மாற்றினேன். சூரியப் புள்ளியின் நடுவே இருக்கும் கறுப்புப் பகுதிக்கு ஆங்கிலத்தில் அம்ப்ரா, அதைச் சுற்றி இருக்கும் மங்கலான பகுதிக்கு பெனம்ப்ரா. தேடினால் கருநிழல், புறநிழல் என்று வந்தது. கிரகணப் பாடத்தில் வரும் அதே சொற்கள். பிள்ளைகளுக்கு ஏற்கனவே பழக்கமான சொல், வேலை சுலபம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள், பெரிதாக பிரிண்ட் எடுத்திருந்த ஒரு சூரியப் புள்ளியின் படத்தைத் தூக்கிக் காட்டி, "நடுவுல இருக்கே, இதுக்குப் பேரு கருநிழல்" என்றேன். எட்டாம் வகுப்பு, இரண்டாவது வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"எதோட நிழல், அக்கா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவளே தொடர்ந்தாள். "நிழல்னா நடுவுல ஏதாச்சும் மறைக்கணும்ல? சூரியன்ல எது போயி மறைக்குது?" பின்னால் ஒரு பையன் "நிலா" என்றான், இன்னொருவன் "மேகம்" என்றான். நான் "அது... பேருதான் அப்படி" என்று சமாளித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் அவள் முகம் சமாதானமாகவில்லை. இறங்கும்போது வத்தலக்குண்டு வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

அவள் கேட்டதுதான் சரி. அங்கே எந்த நிழலும் இல்லை. சூரியனின் நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். புள்ளியின் நடுப்பகுதி 3,500-லிருந்து 4,000 டிகிரி வரை. காரணம் காந்தப்புலம். அடுப்பில் கொதிக்கும் சாம்பாரில் அடியில் இருக்கும் சூடு மேலே வருவது, சாம்பாரே மேலும் கீழும் புரள்வதால்தான். சூரியனிலும் அப்படித்தான் உள்ளே இருக்கும் வெப்பம் மேற்பரப்புக்கு வருகிறது. புள்ளி இருக்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சில ஆயிரம் மடங்கு வலுவான காந்தப்புலம், மின்னேற்றம் கொண்ட அந்த வாயுவைப் புரளவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கீழே இருந்து சூடு வருவது குறைகிறது, அந்த இடம் கொஞ்சம் ஆறிப்போகிறது. ஆறிப்போனது என்றால் நம்ம கணக்கில் இல்லை. அந்தப் புள்ளியை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ராத்திரி வானத்தில் வைத்தால் கண் கூசும். பக்கத்தில் அதைவிட வெளிச்சமானது இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் அம்ப்ரா என்று பேர்? லத்தீனில் அம்ப்ரா என்றால் நிழல். புள்ளிக்குக் காரணம் தெரியாத காலத்தில், பார்க்க எப்படி இருந்ததோ அப்படிப் பேர் வைத்துவிட்டார்கள். காரணம் பிறகு தெரிந்தது, பேர் மாறவில்லை. ஆங்கிலத்தில் படிக்கிற நமக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை, ஏனென்றால் அம்ப்ரா என்றால் என்ன அர்த்தம் என்றே நமக்குத் தெரியாது! நாலு வருடம் இன்ஜினியரிங் படித்த நான் ஒரு நாளும் 'எதோட நிழல்' என்று கேட்டதில்லை. தமிழில் கேட்டவுடன் எட்டாவது படிக்கிற பெண்ணுக்குத் தப்பு தெரிந்துவிட்டது.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் இருந்து மலைப்பாதையில் கொஞ்ச நேரம் மேலே ஏறினால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1870-களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் இருக்குமா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சில் இருந்து பிறந்த இடம் அது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் வாரிசு. 1899-ல் தொடங்கி, 1904-லிருந்து கிட்டத்தட்ட தினமும் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே உட்கார்ந்துதான், சூரியப் புள்ளியின் மங்கலான வெளிப்பகுதியில் வாயு நடுவில் இருந்து வெளிப்பக்கமாக விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பேர். பெனம்ப்ராவைப் பற்றிய முக்கியமான ஒரு கண்டுபிடிப்பு நடந்ததே நம்ம பழனி மலையில். அதே மலையில் நின்றுகொண்டு பெனம்ப்ராவுக்கு ஒழுங்கான தமிழ்ச் சொல் தெரியாமல் முழித்தேன்.

ரூமுக்கு வந்ததும் மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். செமஸ்டர் எக்ஸாம் பக்கத்தில் இருக்கும்போது இந்த மாதிரித் தேடல் ரொம்ப நன்றாக ஓடும், உங்களுக்கே தெரியும். அப்படிப் போய் மாட்டியதுதான் ஐஸ்லாந்து.

ஐஸ்லாந்தின் மக்கள் தொகை சுமார் நாலு லட்சம்தான். அவர்கள் வெளிமொழிச் சொல்லை எடுப்பதில்லை என்று ஒரு பிடிவாதமே வைத்திருக்கிறார்கள். டெலிபோனுக்கு 'சீமி' என்று பேர். நூல், கயிறு என்ற அர்த்தத்தில் பழைய இலக்கியத்தில் கிடந்த ஒரு சொல்லைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்கு 'தோல்வா', எண் என்ற சொல்லையும் குறிசொல்லும் பெண் என்ற சொல்லையும் ஒட்டிச் செய்தது. எண்களை வைத்துக் குறி சொல்பவள்! ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் என்ற சொல்லில் இருந்து 'வெட்னி'. நாமும் அதே மாதிரி நீரியம், நீரகம் என்றெல்லாம் செய்தோம். அங்கே எல்லாரும் வெட்னி என்கிறார்கள். இங்கே லேபில் யாராவது நீரியம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

வானியலுக்கு வருவோம். 1842-ல் யோனாஸ் ஹால்கிரிம்சன் என்பவர், உர்சின் என்ற டேனிஷ்காரர் பொதுமக்களுக்காக எழுதிய வானியல் புத்தகத்தை ஐஸ்லாந்து மொழியில் கொண்டுவந்தார். இவர் யார் என்றால், அந்த நாட்டின் பெரிய கவிஞர்களில் ஒருவர். இயற்கை அறிவியலும் படித்தவர். 37 வயதில் இறந்துவிட்டார். மொழிபெயர்க்கும்போது சொல் இல்லாத இடத்தில் எல்லாம் இவரே சொல் செய்தார். நீள்வட்டத்துக்கு 'ஸ்போர்பாய்குர்', தடம் என்ற சொல்லும் வளையம் என்ற சொல்லும் சேர்ந்தது. கோள் நடந்துபோன காலடித் தடம் வளையமாகக் கிடப்பது போல ஒரு படம் மனதில் வருகிறது இல்லையா?

அவர் செய்த இன்னொரு சொல் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒளி பரவுவதற்கு வெளி முழுக்க ஈதர் என்று ஒன்று நிரம்பி இருக்கிறது என அந்தக் காலத்தில் நம்பினார்கள். அதற்கு அவர் 'ல்யோஸ்வாகி' என்று பேர் வைத்தார். 1887-ல் மைக்கேல்சன்–மோர்லி சோதனைக்குப் பிறகு ஈதர் கொள்கையே படுத்துவிட்டது. நாம் ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் படித்ததுதான். ஆனால் சொல் சாகவில்லை. ரேடியோ, டி.வி. வந்தபோது ஒலி, ஒளிபரப்புத் துறைக்கு அதே சொல்லை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஈதர் போய்விட்டது, ஈதருக்கு வைத்த பேர் இன்னும் வேலை செய்கிறது.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சொல் ஆக்கும்போது மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. மூலச் சொல்லின் தப்பை அப்படியே தூக்கி வரலாம், அல்லது வழியிலேயே இறக்கிவிட்டு வரலாம். ஒரு உதாரணம்: 1780-களில் வில்லியம் ஹெர்ஷல் டெலஸ்கோப்பில் சில வட்டமான மங்கல் பொருள்களைப் பார்த்தார். பார்க்கக் கோள் மாதிரி இருந்ததால் பிளானட்டரி நெபுலா என்றார். உண்மையில் அவை கடைசிக் காலத்தில் இருக்கும் விண்மீன்கள் உதறிவிட்ட வாயு. கோளுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆங்கிலம் இன்றும் அந்தப் பேரைச் சுமக்கிறது. தமிழில் நாமும் கோள் நெபுலா என்று கோளை விடாமல் கூட்டி வந்தோம். ஐஸ்லாந்துக்காரர்கள் 'ஹ்ரிங்தோகா' என்கிறார்கள். வளைய மூடுபனி. கோளைக் கழற்றிவிட்டார்கள்.

நாம் எல்லா இடத்திலும் கோட்டை விட்டோம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்டராய்டு என்றால் கிரேக்கத்தில் விண்மீன் போன்றது என்று அர்த்தம், 1802-ல் அதே ஹெர்ஷல் வைத்த பேர். டெலஸ்கோப்பில் புள்ளியாகத் தெரிந்தது, அதனால். ஐஸ்லாந்துச் சொல்லிலும் அந்த விண்மீன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தமிழில் சிறுகோள். சூரியனைச் சுற்றும் சிறிய பொருள் என்று நேராகச் சொல்கிறது. இந்த ஒன்றில் ஆங்கிலம், ஐஸ்லாந்து இரண்டையும் நாம் அடித்துவிட்டோம். கோள்களின் பேரிலும் அப்படித்தான். இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் ஐஸ்லாந்தில் வீனஸ் வீனஸ்தான், மார்ஸ் மார்ஸ்தான், ஜூபிடரும் அப்படியே. நமக்கு வெள்ளி, செவ்வாய், வியாழன் எல்லாம் சொந்த வீட்டுச் சொற்கள். நிறத்தைப் பார்த்தாலே வெள்ளியும் செவ்வாயும் எது எது என்று தெரியும். சங்கப் பாடல்களில் நாள்மீன், கோள்மீன் என்று பிரித்தே பேசியிருக்கிறார்கள். ப்ளையடீஸ் கூட்டத்துக்கு ஐஸ்லாந்தில் ஏழு மீன் என்ற பொருளில் ஒரு பேர், நமக்கு அறுமீன். அவர்கள் ஏழு எண்ணினார்கள், நாம் ஆறு எண்ணினோம். கார்த்திகைப் பெண்கள் வளர்த்த பிள்ளை பழனியில் நிற்கிறான், அதனால் ஆறில் இருந்து நாம் இறங்க மாட்டோம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? சொல் இல்லாதது நம்ம சிக்கல் இல்லை. ஒரு பொருளுக்கு நாலு சொல் இருப்பதுதான். கேலக்ஸிக்கு அண்டம், விண்மீன் மண்டலம், விண்மீன் திரள், பேரடை என்று எத்தனை! இதில் அண்டம் என்றால் சிலருக்கு யுனிவர்ஸ். 2006-ல் புளூட்டோவைக் கோள் பட்டியலில் இருந்து எடுத்தபோது ட்வார்ஃப் பிளானட் என்ற புது வகை வந்தது. அதற்குக் குறுங்கோள் என்று சிலர், குள்ளக்கோள் என்று சிலர். ஆனால் குறுங்கோள் என்பதை ஆஸ்டராய்டுக்கு எழுதுபவர்களும் இருந்தார்கள். இன்றைக்குத் தமிழில் 'குறுங்கோள்' என்று படித்தால், எழுதியவர் எதைச் சொல்கிறார் என்று முழுப் பத்தியும் படித்த பிறகுதான் தெரியும். சோலார் சிஸ்டம் இங்கே சூரியக் குடும்பம், இலங்கைப் பாடப் புத்தகத்தில் ஞாயிற்றுத் தொகுதி. ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். (குடும்பம் என்ற சொல்லை நான் விட்டுத்தர மாட்டேன். சிஸ்டம் என்பதில் இல்லாத ஒரு சூடு அதில் இருக்கிறது. ஆனால் துல்லியம் என்று பார்த்தால் தொகுதிக்குத்தான் மார்க் போடணும்.)

இவ்வளவுக்கும் நம்ம ஆட்கள் லேட்டாக ஆரம்பிக்கவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான சொற்களையும் செய்தார். முதலில் தமிழில் தேடு, இல்லையென்றால் சமஸ்கிருதத்தில், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுது என்பது அவருடைய வழி. 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சின்னப் புத்தகம் போட்டார். 1916-ல் சேலத்தில் ராஜாஜி அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார். மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கமும் அதே 1916-தான். பிறகு அரசு வெளியிட்ட சொல் பட்டியலில் சமஸ்கிருதம் அதிகம் என்று சண்டை வந்தது, 1936-ல் விபுலானந்த அடிகள் தலைமையில் மாநாடு கூடியது, 1938-ல் 'கலைச்சொற்கள்' என்று தொகுப்பு வந்தது. சண்டை பெரும்பாலும் சொல் எந்த மொழி வேரில் இருந்து வர வேண்டும் என்பதில்தான். அதுவும் தேவையான சண்டைதான், இல்லையென்றால் இன்றைக்கு நாம் வானியல் என்று சொல்லாமல் வான சாஸ்திரம் என்றே சொல்லிக்கொண்டிருப்போம். ஆனால் 'இந்தச் சொல் மனதில் சரியான படத்தை வரைகிறதா' என்ற கேள்விக்கு வேர் மட்டும் பதில் சொல்லாது. கருநிழல் நூறு சதவீதம் தனித்தமிழ். வகுப்பில் அது தப்பான பாடம் நடத்தியது.

சூரியனின் வெளி அடுக்குக்குப் பேர் கொரோனா, மகுடம் என்று அர்த்தம். கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றிக் கிரீடம் மாதிரி தெரிவது. ஒளிமகுடம் என்று யாரோ அழகாகத் தமிழாக்கி வைத்திருந்தார்கள், நான் சட்டை செய்யவில்லை. பள்ளியில் "சூரியனைச் சுத்தி கொரோனா இருக்கு" என்று சொன்னேன். ரெண்டு நிமிஷம் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு பையன் மாஸ்க் போடுகிற மாதிரி கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். இந்த ஒரு சொல்லுக்கு 2020-க்குப் பிறகு தமிழாக்கம் கட்டாயம் வேண்டும்.

எக்ஸாம் முடிந்ததும் அதே பள்ளிக்குத் திரும்பப் போனோம். இந்த முறை டெலஸ்கோப் கொண்டுபோகவில்லை, சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும்தான். முதல் வேலையாக மன்னிப்பு கேட்டேன். "போன தடவை நான் சொன்ன பேரு தப்பு. அங்க நிழல் இல்ல" என்று சொல்லி, சாம்பார் கதையை விளக்கினேன். பிறகு பெரிய படத்தை போர்டில் மாட்டி, "இதுக்கு நீங்களே பேரு வைங்க" என்றேன்.

சூரியப் புள்ளிக்கு முதலில் வந்த பேர் 'மச்சம்'. சூரியனோட மச்சம்! உண்மையிலேயே மோசமில்லை, ஆனால் மச்சம் அழியாது, இது சில நாளில் இருந்து சில வாரத்துக்குள் அழிந்துவிடும் என்றேன். அப்போ 'பரு' என்றான் அவனே. வகுப்பு சிரித்து முடித்த பிறகு, அந்த இரண்டாவது வரிசைப் பெண் கை தூக்கினாள். "நடுவுல இருக்கறது கண்ணு மாதிரி இருக்கு, அக்கா. கருமணி."

நான் படத்தை மறுபடி பார்த்தேன். ஆமாம், கண்தான். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி ஆரம் ஆரமாக விரியும் மெல்லிய கோடுகள். கருமணி என்றால் யாரும் எதோட நிழல் என்று கேட்க மாட்டார்கள். கறுப்பு என்பதைச் சொல்கிறது, நடுவில் இருப்பதைச் சொல்கிறது, தெரியாத காரணம் எதையும் சொல்லவில்லை. நான் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த 'கருவட்டம்' பக்கத்திலேயே நிற்கவில்லை.

வெளிப்பகுதிக்கு நான் 'இழைவட்டம்' என்று ஒன்று கொண்டுபோயிருந்தேன். அந்தக் கோடுகள் உண்மையில் நூல் நூலான வாயு ஓட்டங்கள், எவர்ஷெட் பார்த்தது அதன் வழியே ஓடும் வாயுவைத்தான், அதனால் இழை என்று விளக்கமும் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் இருந்து "சூரியகாந்திப் பூவு மாதிரி இருக்கு, இதழ்வட்டம்னு வைக்கலாம்ல" என்று ஒரு குரல் வந்தது. ஓட்டெடுப்பு நடத்தினோம். இதழ்வட்டத்துக்கு 19, இழைவட்டத்துக்கு 14.

சார்ட்டில் கருமணி, இதழ்வட்டம் என்று எழுதி, கீழே பாடப் புத்தகச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதி, வகுப்புச் சுவரில் ஒட்டினோம். பரீட்சையில் மார்க் போகக் கூடாது, அது டீச்சரின் கண்டிஷன். கிளம்பும்போது அந்தப் பெண் ஜன்னல் பக்கம் வந்து, "அப்போ கிரகணத்துல வர்றது மட்டும் நெஜமாவே நிழல்தானா, அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா, அது நெஜமாவே நிழல்தான். நிலாவோடது" என்றேன்.